பூனை இன்னும் பாயவில்லை
(குழுக் கல்விக்கான பாடம்)

வாசிக்க: தொடக்க நூல், அதிகாரம் 3

ஜெர்மனிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1504ஆம் ஆண்டு செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ‘ஆதாமும் ஏவாளும்’. அதில் வண்ணம் இல்லை. கறுப்புக் கோடுகளும் தாளின் வெண்மையும் மட்டுமே. இருண்ட காட்டின் முன்னால் இருவரின் உடலும் ஒளிர்கின்றன. பாம்பின் வாயிலிருந்து ஏவாள் கனியை வாங்குகிறாள்.

இப்போது காலடியைக் கவனியுங்கள். அங்கே பூனை படுத்திருக்கிறது. அதன் எதிரே எலி. பூனை இன்னும் பாயவில்லை. கனி உண்ணப்பட்டதும் இந்த அமைதி குலைந்துவிடும். மாசற்ற நிலையின் கடைசி நொடியையே ஓவியர் காட்டுகிறார்.

சோதனை பயங்கர முகத்தோடு வருவதில்லை. பாதி உண்மையோடு வருகிறது. கண்கள் திறக்கும் என்றது பாம்பு. திறந்தன, ஆனால் அவர்கள் கண்டது தங்கள் நிர்வாணத்தை.

நம் முன்னோரும் இத்தகைய பேச்சைக் கேட்டவர்களே. தேயிலைத் தூரின் அடியில் செல்வம் கிடக்கிறது என்று ஆள்கட்ட வந்த கங்காணிகள் ஆசை காட்டியதை மலையகம் மறக்கவில்லை. வந்தவர்களைக் கடனால் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

இன்று தரகர் லயத்து வாசலுக்கு வருகிறார். “பிள்ளை கொழும்பில் நல்ல வீட்டில் இருக்கும், படிக்கவும் வைப்பார்கள்” என்கிறார். கையில் முற்பணம் தருகிறார். 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு அமர்த்துவதை 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடுக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

ஆயினும் தாயை மட்டும் குற்றவாளியாக்கலாகாது. ஏதேன் தோட்டத்தில் பசி இல்லை. நம் தோட்டத்தில் உண்டு. ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள். நாமும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை வீடு திரும்பாது.

அதிகாரத்தின் முடிவை மறவாதீர்கள். வெளியே அனுப்புமுன் கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்துகிறார். காயப்பட்டுத் திரும்பும் பிள்ளைக்கு நாம் தரவேண்டியதும் அதுவே: கேள்விக் கணை அல்ல, போர்வை.

கலந்துரையாட:

1. நம் தோட்டத்தில் பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?
2. தரகரிடம் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் எவை?
3. அவசரத்தில் கைமாற்றுக்குத் தரகரை நாடாதிருக்க, நம் மாதர் சங்கச் சேமிப்பு எவ்வாறு உதவலாம்?

செயல்: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்டுங்கள். பூனை பாயுமுன் செயற்படுவோம்.