நாலு பேப்பர், ஒரே சாட்சி

‘நாலு பேப்பரில் வந்தாச்சு, அப்புறம் பொய்யாகவா இருக்கும்?’ செய்தியைப் பற்றி நம் ஊரில் இருக்கும் நம்பிக்கைகளில் இதுதான் பலமானது. அந்த நாலு பேப்பரையும் ஒன்றாக விரித்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் தடுப்பணைப் பணியை ஆய்வு செய்த செய்தி இருக்கும். படம் ஒன்றே, வாசகமும் கிட்டத்தட்ட ஒன்றே. செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பிய ஒரே குறிப்பு எல்லோருக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். டெல்லிச் செய்தி என்றால் பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனம் அனுப்பியதை ஆளுக்கொரு தலைப்பு வைத்துப் போட்டிருப்பார்கள். இது குற்றமில்லை, தொழிலே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நாலு பேர் நேரில் பார்த்துச் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்வதுதான் தவறு. பார்த்தவர் ஒருவராக இருக்கலாம். ஒருவருமே பார்க்காமலும் இருக்கலாம்.

2023 மார்ச்சில் இதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. இந்திப் பத்திரிகைகள் எழுதின, பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. ஒரு வீடியோவில் இருப்பது திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொண்டது என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களும் பயந்து கிளம்பியவர்களும் ரயில் நிலையங்களில் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். பரபரப்பாக எழுதியவர்களில் எத்தனை பேர் எழுதுவதற்கு முன் திருப்பூரில் ஒரு தொழிலாளியிடமாவது பேசினார்கள்? ஒரு செய்தியை எடை போட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: சம்பவம் நடந்த இடத்துக்கு யார் போனது?

அடுத்தது, படித்தவர்களிடமே அதிகம் இருக்கும் நம்பிக்கை. ஆளுங்கட்சி சேனல் கொஞ்சம், எதிர்க்கட்சி சேனல் கொஞ்சம் பார்த்தால் உண்மை நடுவில் கிடைத்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சேனலும் அன்றைக்குச் சண்டை போடுவது ஒரே விஷயத்துக்காக. இரண்டு கட்சிக்கும் வேண்டாத செய்தி இரண்டிலும் வராது. ஏரியை வளைத்துப் போட்டவர் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவராக இருந்தால், எத்தனை சேனலை மாற்றிப் பார்த்தாலும் அந்த ஏரி உங்கள் கண்ணில் படப்போவதில்லை.

அதற்காகக் கட்சிப் பத்திரிகையைத் தொடவே கூடாது என்பதும் இன்னொரு மூடநம்பிக்கை. ‘முரசொலி’ தி.மு.க.வுடையது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. கட்சி தன் தொண்டர் எதை நம்ப வேண்டும் என்று நினைக்கிறது என்பதை அதில் நேராகவே தெரிந்துகொள்ளலாம். பெரிய நாளிதழ் நாலு வரியில் முடிக்கும் ஆலை வேலைநிறுத்தம் மார்க்சிஸ்ட் கட்சியின் ‘தீக்கதிர்’ பக்கங்களில் விரிவாக இருக்கும். நடுநிலை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு சாய்கிற பத்திரிகையைவிட, சாய்வைச் சொல்லிவிட்டு எழுதுகிற பத்திரிகை எனக்குப் பரவாயில்லை.

‘நாள் முழுக்க நியூஸ் ஓடுது, எனக்குத் தெரியாத செய்தியா?’ என்பவர்களிடம் அதிகம் பேச ஒன்றுமில்லை. ராமநாதபுரத்துக்கு நிருபரை அனுப்புவதைவிட, ஸ்டூடியோவில் நாலு பேரை உட்கார வைத்துக் கத்தவிடுவது மலிவு. ஒரு மணி நேர விவாதத்தில் புதுத் தகவல் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

சேனல் லோகோ இருந்தால் அது அந்தச் சேனலின் செய்திதான் என்ற நம்பிக்கைக்கு மழைக்காலம் நல்ல பாடம். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு நியூஸ் கார்டு ராத்திரி பத்து மணிக்குக் குடும்ப குரூப்பில் வந்து விழும். லோகோ அசலாக இருக்கும்; தேதி போன வருஷத்தது, அல்லது தேதியே இருக்காது. விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். அவருடைய அதிகாரப்பூர்வப் பக்கத்தையோ அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தையோ பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு; அனுப்பிய சித்தப்பா நல்லவர் என்பதால் செய்தி நல்லதாகிவிடாது. விடுமுறைக் கார்டு பொய்யானால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம், அதோடு போயிற்று. ஆனால் எல்லா வதந்தியும் அப்படி முடிவதில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வதந்தி பரவியபோது, போளூர் அருகே குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு முதிய பெண்ணை ஊரே கூடி அடித்துக் கொன்றது.

சரி, எதைத்தான் படிப்பது? மாவட்டச் செய்திப் பக்கம் உள்ள ஒரு நாளிதழைக் காசு கொடுத்து வாங்குங்கள். இலவசமாக வருகிற செய்திக்கு வேறு யாரோ பணம் கொடுக்கிறார் என்று பொருள். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி சில நிமிஷத்தில் கத்தாமல் முடிந்துவிடும். அரசு வானொலி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ‘யூடர்ன்’ போன்ற சரிபார்ப்புத் தளம் இருக்கிறது. வாரம் ஒரு நீண்ட கட்டுரையாவது கடைசி வரை படியுங்கள்.

உங்கள் பேப்பர் தவறாக எழுதினால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். அபராதம் போட அதற்கு அதிகாரம் கிடையாது, கண்டிக்கத்தான் முடியும். தொலைக்காட்சியும் யூடியூப் சேனலும் அதன் வரம்பிலேயே வராது.