தோய்ச்சலில் மந்திரம் இல்லை

வீட்டிலேயே கத்தி செய்யக் கிளம்புகிறவர் கையில் முதலில் சிக்குவது கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித்துண்டு. எந்த இரும்பையும் பழுக்கக் காய்ச்சி முக்கினால் கூர் நிற்கும் என்று நம்புகிறார்கள். நிற்காது. கரிமம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்தத் தோய்ச்சலும் கத்திக்கு வேண்டிய கடினத்தைத் தராது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை உண்டு. அரிவாள் அடிக்கும் பட்டறைகள் அதைத் தேடுவது சும்மா இல்லை.

“நன்றாகச் சிவந்தால்தான் நன்றாக இறுகும்.” அதிகமான கத்திகளைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். சூடு மிஞ்சினால் உருக்குக்குள் இருக்கும் மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்ட அலகை உடைத்தால் உள்முகம் சர்க்கரைக் கட்டிபோல் பொரபொரவென்று மின்னும். தரையில் விழுந்தாலே முறியலாம். அளவு காட்ட ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஸ்பிரிங் பட்டைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, 830 டிகிரி அளவில், ஒரு சாயல் வெளிறிய சிவப்பு வேண்டும். இதை நிழலில் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் அதே சிவப்பு மங்கித் தெரியும். துருத்தி போடுகிறவர் இன்னும் ஊதிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது, முக்கும் திரவத்தில் ரகசியம் தேடுவது. இது இன்று நேற்றைய சங்கதி அல்ல. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற ஐரோப்பியத் துறவி, பெரணி தின்ற ஆட்டின் மூத்திரத்தையும் செம்பட்டை முடிச் சிறுவனின் மூத்திரத்தையும் சிபாரிசு செய்து எழுதிவைத்தார். சிரிக்க வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. உப்புநீர், சூடான இரும்பைச் சூழும் ஆவிப்படலத்தைக் கலைத்து வேகமாகக் குளிரவைக்கும். முடியின் நிறத்துக்கு அதில் வேலையில்லை. குளிரும் வேகம்தான் கணக்கு. ஸ்பிரிங் பட்டைக்கு அவ்வளவு வேகம் ஆகாது, தண்ணீரில் விட்டால் விரிசல் விடலாம். 50 டிகிரி வரை சூடாக்கிய சமையல் எண்ணெய் போதும். நுனி கீழாக நேரே இறக்குங்கள். பக்கவாட்டில் அலைத்தால் அலகு கோணும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட, இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும். பழைய என்ஜின் ஆயில் ஒசத்தி என்பார்கள். கூடுதலாகக் கிடைப்பது நச்சுப்புகை மட்டுமே.

தோய்த்தெடுத்த அலகின்மேல் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்ததா? இல்லை. அந்த நிலையில் அலகு கடினமாக இருக்கும், ஆனால் நொறுங்கும். உடனே 200 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்துப் பதம் இறக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் அலகைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, முதுகுப்பக்கம் சூடுகாட்டி, வாயில் வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்துவார்கள். நீலம் வந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி. ஸ்பிரிங்குக்கு அது சரி, கத்தி வாய்க்கு மெத்தனம்.

சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது விளிம்பு நீலமானால், சட்டென்று தண்ணீரில் நனைத்துக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பார்கள். பதம் அதற்குள் போயிருக்கும். நீலம் ஏறிய இடத்தை மெதுவாகத் தேய்த்துக் கழிக்கலாம்; ஆழமாக ஏறியிருந்தால் மறுபடி உலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.