சுகர் வந்தாச்சு, சாப்பாட்டை மாற்ற மனசு வரவில்லையா?

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தாண்டி, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5-க்கு மேல் போய்விட்டால் டாக்டர் நீரிழிவு என்று எழுதிவிடுவார். அன்று இரவே வீட்டில் ஒரு பிரகடனம் நடக்கும்: "நாளையிலிருந்து சோறு கிடையாது, ஸ்வீட் கிடையாது, தினமும் ஒரு மணி நேரம் நடை." இது பெரும்பாலும் இரண்டு வாரம் தாங்கும். அப்புறம் ஒரு கல்யாணம் வரும், ஒரு காய்ச்சல் வரும், நடை நிற்கும், சோறு பழைய அளவுக்கே திரும்பும். "எனக்கு வைராக்கியம் போதாது" என்று அலுத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

வைராக்கியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சுகர் வலிக்காது, சிக்கலே அங்கேதான். பல்வலிக்காரருக்கு யாரும் ஊக்கமூட்ட வேண்டியதில்லை, வலியே அவரை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைக்கும். ஆனால் ரத்தத்தில் 220 ஓடிக்கொண்டிருந்தாலும் ஒருவர் சாதாரணமாகவே உணரக்கூடும். பூரி தரும் சந்தோஷம் இப்போதே கிடைக்கிறது; கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் சேதம் பல வருடம் தள்ளி நிற்கிறது. இந்தப் போட்டியில் பூரிதான் ஜெயிக்கும். ஆகவே மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாற்றத்தின் பலன் சில நாளிலேயே கண்ணில் படும்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மனசு பின்னாலேயே வரும்.

டைப் 2 நீரிழிவு புதிதாகத் தெரியவந்த, இட்லி, தோசை, சோறு புழங்குகிற வீட்டை மனதில் வைத்து இந்த வரிசையைச் சொல்கிறேன். டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டர் வகுத்துத் தரும் முறையில்தான் போக வேண்டும்.

முதல் வாரம்: எழுதுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள்

மாத்திரையைச் சொன்னபடி தொடங்குங்கள். சாப்பாட்டில் பெரிய வெட்டு எதுவும் வேண்டாம். வாயில் போவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்த தோசை, டிவி பார்த்தபடி தின்ற மிக்சர், கடை டீ எல்லாமே கணக்கில் வரும். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழுகிறது என்று வைத்தால் சுமார் 10 கிராம். நாளைக்கு நாலு டீ என்றால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சர்க்கரை டீயிலேயே போகிறது. இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் எங்கே கை வைக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்காது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "நான் சோற்றைக் குறைத்தால் இந்த மாத்திரையில் லோ சுகர் வருமா?" மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடப்பதும் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சாப்பாட்டைக் குறைத்த நாளிலேயே வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால், "டயட் நமக்கு ஒத்துவராது" என்ற முடிவு மனதில் பதிந்துவிடும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளூக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

உங்களுக்கென்று ஒரு காரணம்

"நல்லா இருக்கணும்" என்பது காரணம் ஆகாது. யாருக்கும் பொருந்துகிற வாக்கியம் யாரையும் அசைப்பதில்லை. கால் எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் கதையும் சில நாளில் தேய்ந்துவிடும், சிலருக்கு அதுவே ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்காத அளவுக்குப் பயத்தைக் கொடுத்துவிடும். லாரி ஓட்டுகிறவருக்குக் கண்பார்வை பிழைப்பு. தையல்காரருக்கு விரல் நுனியில் உணர்வு இருந்தாக வேண்டும். இப்படிச் சொந்த வாழ்க்கையோடு ஒட்டிய ஒன்றை எழுதுங்கள். கூடவே சீக்கிரம் பலன் தெரிகிற ஒன்றையும் எழுதுங்கள். ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்களா? அதற்குக் காரணம் சர்க்கரைதான் என்றால், அது இறங்கிய சில வாரத்திலேயே தூக்கம் கூடும்.

புதிதாகத் தெரியவந்தவர்களுக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது வருடம் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஆரம்ப வருடங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்து வருடத்துக்குப் பிறகும் பலன் நீடித்தது. டைரக்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் மிகக் கண்டிப்பான உணவுத் திட்டம் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதை வீட்டில் தனியாகச் செய்துபார்க்கக் கூடாது. ஆனால் சுகர் வந்தால் எல்லாம் முடிந்தது என்ற பேச்சை நம்பவும் வேண்டாம்.

தட்டை நீங்களே சோதியுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படி முக்கியம். ஒரு குளூக்கோமீட்டர் வாங்குங்கள், அல்லது கடன் வாங்குங்கள். ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 15 முதல் 25 ரூபாய் ஆகும். இன்சுலின் போடாதவர்கள் தினமும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஆரம்பத்தில் பத்து ஸ்ட்ரிப் இருந்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

வாரத்தில் நீங்கள் அதிகம் சாப்பிடுகிற காலைப் பலகாரம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி என்று வைப்போம். முதல் நாள் வழக்கம்போல் நாலு இட்லி, சட்னி. சாப்பிடும் முன் ஒருமுறை பாருங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொருமுறை. இன்னொரு நாள் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது முட்டை. மூன்றாவது தடவை பழையபடி அதே நாலு இட்லி, ஆனால் சாப்பிட்டதும் 15 நிமிடம் நடை. மூன்று நாளும் எண் எவ்வளவு ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் நாள் 130 என்பது 235 ஆகி, இரண்டாம் சோதனையில் 175-ல் நின்றது என்று வையுங்கள். அந்த 60 புள்ளி வித்தியாசத்தை நீங்கள் மறக்க மாட்டீர்கள். டயட் சார்ட் செய்யாத வேலையை உங்கள் விரல் நுனி ரத்தம் செய்துவிடும். சாப்பிட்ட பின் 180-க்குள் வைத்திருப்பது பலருக்கும் பொதுவான இலக்கு. உங்களுக்கு என்ன என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள், மாம்பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்பின் போக இடமுண்டு, ஆகவே பத்துப் புள்ளிக்காகக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மீட்டர் வாங்க வசதியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேளையில் தொடங்குங்கள்

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்ற முயல்வதுதான் பிரகடனங்கள் தோற்கக் காரணம். சோதனையில் எந்த வேளை எண்ணை அதிகம் ஏற்றியதோ அதை மட்டும் முதலில் பிடியுங்கள்.

மதியச் சாப்பாடு என்றால், சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று தடவை சோறு விழுகிறது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுங்கள். சோறு ஒரே சுற்றோடு முடியும், நாக்குக்கு எதுவும் குறையாது. பொரியல், கூட்டு, மீன் இவற்றை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவைக் கூட மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றிக் கிடைக்கும் லாபம் இது.

இந்த இடத்தில் சப்பாத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுகர் என்றாலே ராத்திரி சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் ஒரு தட்டுச் சோற்றுக்கு இளைத்தவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் போன்ற புரதத்துக்கு மாற்றுவதுதான் பலன் தருகிறது. கேழ்வரகுக் கூழும் கம்பங்கஞ்சியும் அளவு பார்த்துத்தான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்தில் போய்ச் சர்க்கரைதான். விரும்பாத உணவை மருந்துபோல் விழுங்கிப் பலனும் கிடைக்காவிட்டால் யாருக்குத்தான் மனசு தொடரும்? இரண்டு தோசை பிடிக்குமென்றால் அதையே சாப்பிடுங்கள், பக்கத்தில் பருப்பும் காயும் இருக்கட்டும். பாசிப்பயறு அடை இன்னும் நல்லது.

மாற்றத்தை எழுதும்போது நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்து எழுதுங்கள். "இனிப்பைக் குறைப்பேன்" என்று எழுதினால் நடக்காது. "பதினொரு மணிக்கு டீக்கடைக்குப் போனால் வித்அவுட் சொல்வேன்" என்று எழுதினால் நடக்கும். முதல் சில நாள் டீ கசக்கும், பிறகு நாக்கு பழகும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254. மூன்றாவது வாரத்தில் சலிப்புத் தட்டினால் நீங்கள் இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

நடையையும் இப்படியே ஒட்டவையுங்கள். நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததை விட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. மொட்டை மாடி போதும்.

வீட்டுக்குள் ஒரு பேச்சு

ஆணுக்குச் சுகர் வந்தால் மனைவி போலீஸ் ஆகிவிடுகிறார். பெண்ணுக்கு வந்தால் யாரும் போலீஸ் ஆவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, காய் தீர்ந்த பிறகு, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் மூன்று மணிக்கு அவர் சாப்பிடுகிறார். அவரிடம் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவது அநியாயம். அந்த வீட்டில் முதலில் மாற வேண்டியது பந்தி வரிசை. அம்மாவுக்குப் பொரியலும் சுண்டலும் முதலிலேயே எடுத்துவைக்கப்பட வேண்டும்.

தனிச் சமையல் நீடிக்காது. காய் அதிகம், சோறு குறைவு என்பது வீட்டில் எல்லோருக்குமே நல்லது என்பதால் ஒரே சமையலாக வையுங்கள். வீட்டாரிடம் கேட்க வேண்டிய உதவியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அதைத் தின்னாதேன்னு சொல்லாதீங்க. சாயங்காலம் மிக்சர் டப்பாவை என் கண்ணில் படாமல் வையுங்க, கூட நடக்க வாங்க."

கல்யாண வீடு எளிது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது இண்டியாப் ஆய்வு. பந்தியில் ஏழு இலைக்கு ஒன்று சுகர்காரருடையது. இனிப்பு வரும்போது இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துவிடுங்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "ஒரு வாய் தானே" என்று அத்தை விடாமல் நின்றால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு அத்தோடு நிறுத்துங்கள்.

தவறிய நாளுக்குப் பிறகு

தீபாவளியன்று 260 காட்டும். அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வேளையிலிருந்து பழைய ஒழுங்குக்கு வந்துவிடுங்கள், ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், நோட்டையே தொடப் பிடிக்காமல் போனால் அது சோம்பல் அல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். அடுத்த முறை டாக்டரிடம் சர்க்கரை எண்ணோடு இதையும் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டில் கை வையுங்கள். இறங்காவிட்டால் நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். எது ஆனாலும் "இப்போ நார்மல் ஆயிடுச்சு" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் டாக்டர்.