ஆற்றங்கரைக் கணக்கு

சிங்கையின் மிக நீளமான ஆறு காலாங் ஆறு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் அது முன்பு 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயாகக் கிடந்தது. 2012-ல் அதை வளைந்தோடும் ஆறாக்கித் திறந்தார்கள். 2014-ல் நீர்நாய்களும் வந்து சேர்ந்தன.

வந்தவற்றை யார் எண்ணுவது? பறவை, வண்ணத்துப்பூச்சி, தட்டான் இவற்றை எண்ணத் தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களையே அழைத்து வருகிறது. நேயர்களே, முறையைக் கேளுங்கள். ஓரிடத்தில் நின்று, குறித்த நேரம் மட்டுமே பார்க்க வேண்டும். பறந்துபோன கொக்கே திரும்பி வந்தால் கணக்கில் இரண்டாகிவிடும். ஆகையால் ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சத் தொகையை எழுதுக. இனம் தெரியாத தட்டானைத் 'தட்டான்' என்றே குறித்தால் போதும். ஊகித்துப் பெயர் வைப்பது கூடாது.

ஒன்றையும் காணாத நாளில் பூஜ்யம் எழுத வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நம் கடையிலும் இது நடந்ததுண்டு. சரக்குத் தீர்ந்த நாளில் பேரேட்டை வெறுமையாக விட்டு, மாதக் கடைசியில் எப்போது தீர்ந்ததென்று தெரியாமல் விழித்தோம். தட்டானின் இளம்பூச்சிகள் தண்ணீருக்குள்ளேயே வளர்வன. நீர் கெட்டால் பல இனங்கள் குறைந்துபோகும். எந்த வாரம் முதல் குறைந்தது என்பதை அந்தப் பூஜ்யமே காட்டும்.

மழை பிடித்தால் மட்டும் கணக்கைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அங்கே நீர் வெகு சீக்கிரம் உயரும்.