கரகம் வந்த இரவு

2024ஆம் ஆண்டு. சித்திரை முழுநிலவு நாள். அக்கா குடும்பம் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் குடி மாறியது. மாமாவுக்கு அங்கே வேலை. ஸ்ரீராம்புரத்தில் வாடகை வீடு. கட்டில், பாத்திரம், துணி மூட்டை எல்லாம் டெம்போவில் ஏற்றினோம். பித்தளைக் குடத்தை மட்டும் அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அங்கே தண்ணீருக்குத் திண்டாட்டமாமே, தம்பி?" வழியெல்லாம் இதே கேள்விதான். அந்தக் கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப் போயிருந்தன. நான் என்ன பதில் சொல்ல?

ஓசூர் அருகே டயர் பஞ்சர் ஆனது. நகருக்குள் நுழையும்போது மணி மூன்று. காட்டன்பேட்டையில் போலீசார் வண்டியை நிறுத்தினார்கள். தெரு நிறைய மக்கள்.

"கலவரமா?" அக்கா பயந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். தமிழிலேயே பேசினார். "பயப்படாதேம்மா. கரகம் வருது."

முதலில் மல்லிகை வாசம் வந்தது. பிறகு கத்தி ஏந்திய ஆண்கள் ஓடி வந்தார்கள். இவர்கள் வீரகுமாரர்கள். நடுவில் ஒருவர். ஆண்தான். ஆனால் சேலை கட்டி, வளையல் போட்டிருந்தார். தலைமேல் கோபுரம் போல மல்லிகைப் பூ. பூவுக்குள் கரகம். அவர் நேராகத் தர்காவுக்குள் போனார். அது தவக்கல் மஸ்தான் தர்கா. ஆண்டுதோறும் கரகம் அங்கே நின்று விட்டுத்தான் போகும். அக்கா வாயடைத்து நின்றாள்.

பெரியவர் கதை சொன்னார். இது திரௌபதி அம்மன் திருவிழா. திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் கிளம்பும். அசுரனோடு போர் செய்யத் திரௌபதி வீரகுமாரர்களைப் படைத்தாளாம். ஆண்டுக்கு ஒருமுறை வருவேன் என்று அவர்களுக்கு வாக்கும் கொடுத்தாளாம். நம் ஊர்த் தீமிதியிலும் இதே அம்மன்தானே!

கரகம் சுமப்பவர் திகளர் சமூகத்தவர். திகளர்கள் தோட்டக்காரர்கள். பூவும் காய்கறியும் பயிர் செய்து நகருக்குக் கொடுத்தவர்கள். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்களின் வழி என்று சொல்வார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏரிகளிலிருந்து.

"சம்பங்கி ஏரி எவ்வளவு பெரிசு தெரியுமா? இப்போ அங்கே கண்டீரவா ஸ்டேடியம்" என்றார் பெரியவர். ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. கரகத்துக்கான சடங்கு அங்கே நடப்பதால் அது பிழைத்தது. மெஜஸ்டிக் பேருந்து நிலையமும் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரிதான். அந்த ஏரி அடியோடு போய்விட்டது.

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் முன்பு என்னவாக இருந்தது? வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"கரகம்னா தண்ணிக் குடம்தானே, தாத்தா?" என்றாள் அக்கா.

"ஆமாம்மா. வேறென்ன?"

கூட்டம் கலைந்தது. மெஜஸ்டிக் வழியாகத்தான் போனோம். அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வரிசையாகப் பேருந்துகள். தண்ணீர் இருந்த அடையாளமே இல்லை.

ஸ்ரீராம்புரம் சேரும்போது விடிந்துவிட்டது. தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் தமிழிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அக்காவின் மடியைப் பார்த்தாள்.

"புதுசா வந்தீங்களா? சீக்கிரம் வைங்க அக்கா. இன்னும் அரை மணிதான் தண்ணி வரும்."

கட்டில் வண்டியிலேயே கிடந்தது. அக்கா குடத்தோடு இறங்கி ஓடினாள்.