திண்ணனூர் நாட்டுப் பெண்களும் ஊராட்சி அதிகாரமும்

கேள்வி: கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கு ஊராட்சிப் பதவி வகிக்கும் வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். அவர்களிடையே ஊர்க்கவுண்டர் முதலிய பரம்பரைப் பொறுப்புகள் ஆண்களிடமே இருந்துவந்த நிலையில், 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கின. 2016இல் அப்பங்கு பாதியாக உயர்ந்தது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டுவரி ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. பணம் வழங்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பதால், தலைவியின் பேனா அசையாமல் ஒரு குழாய்ப் பழுதுக்கான தொகைகூட வெளியேறாது. அதனாலேயே, தலைவியின் பெயரில் கணவர் நிர்வாகம் நடத்துவது அற்பக் குறையன்று, வாக்களித்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

எனினும், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்கு நிலம், வனப்பொருள் ஆகியவற்றின் மீது கூடுதல் உரிமை தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. அது அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே உரியது, தமிழ்நாட்டிலோ அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை.