முதியோரும் பாரிசவாயுவும்

முதுமை வந்துற்றவிடத்து நோயும் உடன்வருதல் இயல்பே என்று கூறி அமைதல் நம்மனோர் வழக்கம். பாரிசவாயு என்னும் பக்கவாத நோயைக் குறித்தும், 'வயதாயிற்று, வந்தது' என்பர். வயது ஏற ஏற இந்நோய் பெருகுதல் மெய்யே. ஆயின், ஒத்த வயதினர் இருவருள் ஒருவர் எழுபதிலும் கடைவீதிக்கு நடந்து செல்ல, மற்றவர் அறுபதிலேயே ஒரு கையும் காலும் வழங்காது திண்ணையிற் கிடப்பது ஏன்? இவ்வினாவிற்கு வயது மட்டும் விடையாகாது. விடையின் பெரும்பகுதி அவர்தம் பொருள்நிலையிலும் தொழில்நிலையிலும் உளது என்பதே யான் காட்டப் புகுவது.

முதற்கண் இந்நோயின் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவல். 'பாரிசம்' என்பது 'பார்சுவம்' என்னும் வடசொல்லின் திரிபு. பக்கம் என்பது பொருள். உடலின் ஒரு பக்கத்தை வாயு பற்றியதெனப் பண்டையோர் கருதினர். உண்மையிற் கேடு நிகழ்வது கையிலுமன்று, காலிலுமன்று, மூளையிலேயாம். அங்கே குருதிக்குழாய் அடைபடுதலாலோ, வெடித்துக் குருதி கசிதலாலோ மூளையின் ஒரு கூறு அழிகின்றது. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை ஆளுதலின், கேடு எதிர்ப்புறத்தே புலனாகின்றது. இச்சொல்லாராய்ச்சி வீண் என்று நேயர்கள் எண்ணற்க. பெயர் வாயுவென்று கூறுதலால், மக்கள் கைகால்களுக்கே மருத்துவம் செய்கின்றனர், எண்ணெய் தேய்க்கின்றனர், புறாவின் குருதியைப் பூசுவாரும் உளர். அடைப்பைக் கரைக்கும் மருந்தோ நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துள் செலுத்தப்படல் வேண்டும். அதற்கு முன், நேர்ந்தது அடைப்போ கசிவோ என்று ஸ்கேன் கருவியாற் கண்டறிதலும் வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் வெளிவந்த, 32 நாடுகளைத் தழுவிய ஆராய்ச்சியொன்று, மாற்றத்தக்க காரணங்கள் பத்தே இந்நோயின் பத்தில் ஒன்பது பங்கிற்குப் பொறுப்பென்றும், அவற்றுள் மிகை இரத்த அழுத்தம் மட்டுமே ஏறக்குறையப் பாதிக்குப் பொறுப்பென்றும் கண்டது. இவ்வழுத்தம் பெரும்பாலும் நோவு தருவதில்லை, அளந்தாலன்றி அறியப்படுவதுமில்லை. எனவே, யாருக்கு அளக்கப்படுகின்றது, யாருக்கு மாத்திரை இடைவிடாது கிடைக்கின்றது என்பதே வினாவாகின்றது.

நெய்வேலியை நோக்குவோம். ஜம்புலிங்க முதலியார் நிலத்திற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளினின்று தொடங்கிய வரலாறு, 1956-இல் நிறுவனமாகவும், 1957-இல் சுரங்கமாகவும், 1962-இல் மின்னிலையமாகவும் வளர்ந்தது. மரநிழல் சூழ்ந்த வட்டங்களாக வகுக்கப்பெற்ற நகரியத்தில் நிரந்தரத் தொழிலாளர் வாழ்கின்றனர். அவர்க்கு நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு. அதே சுரங்கத்தில் அதே வெயிலில் உழைத்து மாலையிற் புறத்தூர்களுக்குத் திரும்புவோர் ஒப்பந்தத் தொழிலாளர். பணிநிரந்தரம் வேண்டி இவர்கள் 2012-இலும் 2014-இலும் வேலைநிறுத்தம் செய்தனர். நிலத்தைச் சுரங்கத்திற்கு ஈந்து உழவையிழந்த குடியினர் மூன்றாமவர். நிரந்தரத் தொழிலாளர்க்கு இந்நோய் வாராது என்பேனல்லேன். சர்க்கரை நோயும் உடலுழைப்பின்மையும் அவரையும் தாக்கும். ஆயினும், அவர் அழுத்தம் அளக்கப்பெறுவார். நாட்கூலி பெறுவாரோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை விலையின்றிக் கிடைப்பினும், வரிசையில் நின்று அதனைப் பெற ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் அன்றி வேறு தொடுகறி காணாத வீட்டில், உப்பை ஒருநாளைக்கு 5 கிராமுக்குள் அடக்குக என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை என் செய்யும்?

ஒரே நிறுவனத்துள் படிநிலை உயிரைப் பாதிக்கும் என்பதற்கு இங்கிலாந்து தெளிவான சான்று தருகின்றது. 1967-இல் தொடங்கி அரசாங்க அலுவலர் ஏறக்குறைய 18,000 ஆடவரை ஆராய்ந்தனர். அவருள் வறியர் எனத்தக்கார் அரியர். மருத்துவமோ யாவர்க்கும் இலவசம். அங்ஙனமிருந்தும், கடைநிலை ஊழியர் இதயநோயால் இறந்த வீதம் தலைநிலை அலுவலரினும் ஏறக்குறைய மும்மடங்காயிருந்தது. புகைத்தல், இரத்த அழுத்தம் முதலியன இவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின. பாரிசவாயுவிற்கும் இதயநோய்க்கும் குருதிக்குழாய்க் கேடே பொதுவேராதலின், இம்முடிவு நம் பொருளுக்கும் உரியதாம்.

நம் நாட்டுக் கணக்கேடுகளோ முதல் நோக்கில் மறுதலையாய்த் தோன்றும். 2017-18-இல் நாற்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 72,000 பேருக்கு மேற்பட்டாரை வினவிய இந்திய முதுமை ஆய்வில், இரத்த அழுத்தம் தமக்குளது என்று கூறினார் செல்வருள்ளேயே மிகுதி. இதுகொண்டு வறியவர் நலமாயுள்ளார் எனல் பெரும்பிழை. அளவாதவர் 'இல்லை' என்றே கூறுவர். நோய் கண்டு இறந்தவர் கணக்கெடுப்பாளரிடம் வாய்திறவார்.

அண்டை நாடாகிய கேரளத்தின் திருவனந்தபுரப் பதிவேடு இதனைத் தெளிவாக்கும். 2009-இல் வெளியான அதன் முடிவின்படி, இந்நோய் வரும் வீதம் நகரத்தும் நாட்டுப்புறத்தும் ஏறத்தாழ ஒன்றே. இலட்சம் பேருக்கு முறையே 135, 138. நோயுற்ற 28 நாளுக்குள் இறந்தவரோ நகரத்தில் நூற்றுக்கு 24.5, நாட்டுப்புறத்தில் 37.1.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த மாத்திரைகளை இல்லந்தோறும் கொண்டுசென்றது. கூலியிழப்பு என்னும் தடையை நேரே தாக்கியமையால் இது மிகப் பொருத்தமான முயற்சி என்பது என் கருத்து. எனினும் அறுபதில் வெளிப்படும் கேடு நாற்பதிலேயே குழாய்களில் வேர்கொள்வது. சுரங்கத்திற் பணிபுரிவோரை ஐந்தாண்டுக்கொருமுறையேனும் மருத்துவர் சோதித்தல் வேண்டுமென 1955-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் வகுத்தன. இரத்த அழுத்தத்திற்கு ஐந்தாண்டு என்பது நெடுங்காலம். சோதனையிற் கண்ட எண்ணைத் தொழிலாளி தன் கையில் எழுதிப்பெற்று, ஒப்பந்தம் முடிந்து ஊர்திரும்பும்போது அதனைத் தன் ஊர்ச் சுகாதார நிலையத்திற் காட்டுவானாயின், அங்கேயே மாத்திரை தொடரும். அதற்கு வேண்டுவது ஒரு சிறு அட்டையே.